சர்வீஸ் ரோட்டுக்குக் கைதட்டியவர்

அன்புள்ள மகன் ஆபித்துக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் சுகம், கென்யாவில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசினால் உன் அத்தா பக்கத்தில் நின்றுகொண்டு கடைப் பேச்சை எடுக்கவே விடுவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ராஜபாளையம் ரோடு வெளிநாட்டுக் கடனில் வெளிநாடு மாதிரியே ஆகிவிட்டது. நீ வந்தால் ரோடும் அடையாளம் தெரியாது, நம் கடையும் தெரியாது, முன்னால் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர் நிற்கிறது. அந்தப் பக்கம் பெரிய ரோடு, இந்தப் பக்கம் நமக்கென்று சர்வீஸ் ரோடு. ரோடு போடுமுன் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்டார்களே, அந்தக் கதையை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் கடைகளுக்கு முன்னால் சர்வீஸ் ரோடு வரும் என்று ஆபீசர் சொன்னாராம். காலமெல்லாம் பைக் சர்வீஸ் பார்க்கிற உன் அத்தா, சர்வீஸ் கடைக்காரர்களுக்கென்றே அரசாங்கம் தனி ரோடு போடுகிறது என்று நினைத்து முதல் ஆளாகக் கைதட்டியிருக்கிறார். அண்ணனே தட்டுகிறாரே என்று டீக்கடை பாண்டிசெல்வி தட்ட, மண்டபமே தட்டியிருக்கிறது. அதைப் போட்டோ பிடித்து, மக்கள் வரவேற்கிறார்கள் என்று கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். இவர் வீட்டுக்கு வந்து கடை போர்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்.

பொய் சொல்லக்கூடாது, என் முழங்காலைக் காட்ட மதுரைக்குப் போனபோது தூக்கிப்போடாமல் வழுக்கிக்கொண்டு போனது கார். தேங்காய் லாரிக்காரர்களுக்கும் கொண்டாட்டம்தான். ஆனால் பஞ்சரான வண்டிக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், உன் அத்தா இந்தப் பக்கம் நிற்கிறார். இருவரும் சலாம் சொல்லிக்கொள்ளலாம், டயரைக் கழற்ற முடியாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு மம்சாபுரம் விலக்கு வரை போய்ச் சுற்றி வர யாருக்குப் பொறுமை இருக்கிறது? பாண்டிசெல்வி பாய்லரைப் பற்றவைப்பதையே விட்டுவிட்டாள். ரோடு வந்தால் ஊர் வளரும் என்றார்கள், வளர்ந்தது சுவர்தான். உன் அத்தா இப்போது டோல்கேட்டில் வாட்ச்மேன் வேலை கேட்டிருக்கிறார். வெளிநாட்டு முதலீட்டால் வேலைவாய்ப்பு பெருகும் என்று சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

போன வாரம் கடன் கொடுத்தவர்களே ரோட்டைப் பார்க்க வந்தார்கள். பயனாளி ஒருவர் பேச வேண்டும் என்று, போட்டோவில் கைதட்டிய ஆளைத் தேடி நம் கடைக்கே வந்துவிட்டார்கள். சுவரில் ஒரே ஒரு இடத்தில் வழி திறந்து விட்டால் கடை பிழைத்துக்கொள்ளும், அதை மட்டும் கேளுங்கள் என்று நான் சொல்லி அனுப்பினேன். இவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். ரோடு எப்படி இருக்கிறது என்று கேட்டார்களாம். எடுத்த எடுப்பில் வழி கேட்கக் கூச்சப்பட்டு, "எல்லாம் நல்லா போகுதுய்யா, ஒரு வண்டிகூட நிக்க மாட்டேங்குது" என்று தொடங்கியிருக்கிறார். கூட வந்த பெண் அதை இங்கிலீஷில் சொல்லி முடித்ததுதான் தாமதம், அத்தனை பேரும் கைதட்டிவிட்டார்கள். மாலை போட்டு, கைகுலுக்கி, காரில் ஏறிப் போய்விட்டார்கள். மனிதர் மாலையோடு வந்து கடையில் உட்கார்ந்தார், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகைதான் வந்தது.

நீயும் கென்யாவில் இன்ஜினியராக இருந்து, கடன் வாங்கிய காசில்தான் ரோடு போடுகிறாய். உன் படிப்பில் எங்களுக்குப் பெருமைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கேயும் கூட்டம் போடுவீர்கள், அங்கேயும் ஒரு மெக்கானிக் இருப்பார். அவர் கைதட்டினால் போட்டோ எடுக்காதே. என்ன புரிந்து தட்டினீர்கள் என்று கிட்டப் போய்க் கேள், சுவர் அதற்குப் பிறகு எழும்பட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும். வாட்ச்மேன் வேலை விஷயம் நான் எழுதியதாக அத்தாவிடம் காட்டிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து
உன் அம்மா நூர்னிசா