பாறைக்குப் பின்னால் ஒரு வழி

செவ்வாய்

காலையிலிருந்து சாரல். மாத நாவலுக்குக் கடைசி அத்தியாயம் பாக்கி. எழுத உட்கார்ந்தால் வாசலில் ஜீப்பு. சிலமலை ராசு மச்சான், என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கூட நாலு பேர். சீட்டுக்கடியில் அரிவாள்.

அவர் மகள் செல்வியைக் காணோமாம். எஸ்டேட் ஜீப்பு ஓட்டும் பையனோடு. அவள் கட்டிலில் கிடந்தது என் பழைய நாவல், ஒரு பக்கம் மடித்தபடி. காதலர்கள் செக்போஸ்ட்டுக்குத் தெரியாமல் பாறைக்குப் பின்னால் புகுந்து கேரளாவுக்குத் தப்பும் இடம்.

"வழியக் காட்டுங்க மாப்ளே."

"அப்படி வழியே இல்ல மச்சான். நானாக் கட்டி எழுதுனது."

"ஓட பேரு, பாற பேரு அம்புட்டும் நெசம். வழி மட்டும் பொய்யாக்கும்?"

பெயர்களை நிஜமாகப் போட்டால் புளுகும் நிற்கும். என் தொழில் ரகசியம். நன்றாக நின்றது! மலைப்பாதையில் மூன்றாவது வளைவுக்கு மேல் நான் ஏறியதே இல்லை. தலைசுற்றல். மொட்டைமாடியிலிருந்து மலையைப் பார்த்தே இத்தனை சாகசமும்.

புதன்

என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் வாந்தி. பாறைக்குப் பின்னால் பள்ளம். மூடுபனியில் அடி தெரியவில்லை. என் வரியை நம்பி அந்தப் பிள்ளை கால் வைத்திருந்தால்?

நேற்று வெட்டுவேன் என்ற மச்சான், பாறையில் உட்கார்ந்து "ஆத்தா செல்வி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி எழுதக் கூடாது.

வியாழன்

வெயில். கரண்ட் இல்லை. போனில் ஏதோ கேரளா நம்பர். செல்வி!

"மாமா, கோயில்ல மால மாத்திட்டோம். நேத்து பஸ்சுலதான் வந்தோம். செக்போஸ்ட்டுல நம்மாளு ஒருத்தருமில்ல."

"அப்ப அந்தப் புஸ்தகம்?"

"அந்த வழி புளுகுன்னு அத்தகிட்ட நீங்கதான சொல்லிச் சிரிச்சீங்க? நானும் இருந்தேன்ல. அதான் மடிச்சு வச்சிட்டு வந்தேன். எல்லாரும் அங்கிட்டுப் போவாங்கல்ல. அப்பாகிட்டச் சொல்லிறாதீங்க மாமா."

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு திருப்பம் எனக்குத் தோன்றியதில்லை. ஆத்திரம். நிம்மதி. பொறாமையும்.

என் மனைவி மட்டும், "அண்ணே அங்க அழுதுக்கிட்டுக் கெடக்கு. சொல்லிருங்க" என்கிறாள்.

சாயங்காலம் மச்சானே கூப்பிட்டார், மலையிலிருந்து.

"கயிறு கட்டி ஆள எறக்கிப் பாத்தாச்சு மாப்ளே. ஒண்ணும் தட்டுப்படல. உசுரோட இருந்தாப் போதும்."

சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"அருவா எங்க மச்சான்?"

"ஜீப்புலதான். ஏன்?"

"சும்மா கேட்டேன். அங்கிட்டே தேடுங்க."