சாட்சிக்குத் தமிழ் தெரியாது

சனிக்கிழமை, வாக்களிப்பு முடிந்த இரவு.

வாக்குப் பெட்டிக்கு முத்திரையிட்டு அனுப்பிவிட்டுக் கனமூலையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

கண்டக்குழியில் நான் பொறுப்பாயிருந்த வாக்களிப்பு நிலையத்துக்கு மத்தியானம் ஒரு மீனவர் வந்தார். என்னைவிடச் சற்று மூத்தவர், அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டேன்; இரண்டு கண்ணும் தெரியாது. துணைக்கு மகனைக் கூட்டி வந்திருக்கலாமே என்றேன்.

"அவன் கட்சிக்காரன், சேர். நான் ஆருக்குப் போடுறனெண்டு அவனுக்குத் தெரியப்படாது. நீங்களே போடுங்க."

அப்படியானால் அவருடைய வாக்குச் சீட்டில் நான் புள்ளடி இட வேண்டும், இன்னொரு அலுவலர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதுதான் சட்டம். குருநாகலிலிருந்து வந்த சிங்கள அலுவலர் நின்றார். நல்ல மனிதர், தமிழ் ஒரு சொல் தெரியாது. மீனவர் எங்கள் இருவருக்கும் மட்டும் கேட்கும்படி ஒரு சின்னத்தைச் சொன்னார். அதற்கே போட்டேன். மடித்துக் கொடுத்ததைத் தடவிப் பார்த்துப் பெட்டியில் போட்டார்.

வாசலில் நின்று கேட்டார்: "நான் சொன்னதுக்குத்தானே போட்டீங்க?"

"ஓம் நானா, அல்லாஹ் அறிய."

"அல்லாஹ் அறிவான். பக்கத்தில நிண்டவருக்கு விளங்கினதா?"

அவர் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் ஒரு பிழையும் செய்யவில்லை. அவர் சொன்ன சின்னத்தை இங்கேகூட எழுத மாட்டேன். ஆனால் நான் வேறொன்றுக்குப் போட்டிருந்தாலும், இன்றைக்கு எல்லாம் இதே ஒழுங்கில்தான் முடிந்திருக்கும்.