மண்ணால் செய்த கண்கள்

மாப்ளே,

நேற்று துபாயில் சத்வாவைத் தாண்டி இருக்கும் அந்த வில்லாவுக்கு மறுபடியும் ஏசி சர்வீஸுக்குப் போனேன். ஏணியில் ஏறி கிரில்லைக் கழற்றியதும் காய்ந்த மண்ணும் குளிர்ந்த தூசியும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. அதோடு நீயும் வந்தாய். ஏழு வருடத்துக்கு முன்பு நாம் இரண்டு பேரும் அந்த வீட்டுக்குள் ஒரு மணி நேரம் சுற்றினோம். நீ போய்ச் சேர்ந்தே ஒரு வருடம் முடியப்போகிறது.

நீ வேன் டிரைவர், அன்றைக்கு உனக்கு அங்கே வேலையே இல்லை. காலையில் அஜ்மான் ரூமிலிருந்து கம்பெனி வேனில் பதினெட்டுப் பேரை ஏற்றி வந்து, ஆளுக்கொரு சைட்டில் இறக்கிவிட்டு, கடைசியாக என்னை அங்கே கொண்டு வந்தாய். ஏசி மோட்டார் எரிந்து போயிருந்தது. புதுசு வரும் வரை வாசலில் நின்றோம். மலையாளி வாட்ச்மேன் நம்மைப் பார்த்துவிட்டு, "வெளியே நல்ல சூடல்லே சேட்டா, உள்ளே வந்து நில்லு. இன்னைக்கு ஆள் யாரும் இல்லா" என்றார்.

ஒரு அரபிப் பெரியவர் இத்தாலியில் வாங்கிச் சேர்த்ததையெல்லாம் தன் பழைய வீட்டின் இரண்டு அறைகளில் வைத்து மியூசியமாக்கியிருந்தார். சுவரில் எழுதியிருந்ததை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ரோமர்கள் பெரிய ஆளாவதற்கு முன்பே அந்த நாட்டில் வாழ்ந்தவர்கள், பெயர் எட்ரூஸ்கர்.

"வாயில நுழையலயே பங்காளி" என்றாய்.

முதல் அறையில் பளபளவென்று கறுப்புச் சட்டிகள் இருந்தன. அடுத்து ஒரு சின்னக் கல்பெட்டி. செத்தவரின் சாம்பலை வைப்பதாம். மூடியின் மேல் புருஷனும் பொண்டாட்டியும் ஒரே கட்டிலில் சாய்ந்துகொண்டு விருந்து சாப்பிடுவதுபோல் செதுக்கியிருந்தார்கள். நீ அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "குடுத்து வச்சவங்க. நமக்கு ரெண்டு வருசத்துக்கு ஒரு லீவு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாய்.

இரண்டாவது அறையில்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டி இருந்தது. சுட்ட மண்ணில் செய்த கை, கால் பாதம், காது, பாதி முகம். யாரோ உடைத்துப் போட்ட சிலைகள் என்று நான் நினைத்தேன். நீ பார்த்த உடனே சொல்லிவிட்டாய்.

"இது நேத்திக்கடன்டா. மாரியம்மன் கோயில்ல வெள்ளித் தகட்டுல கண்ணு, காலுன்னு வாங்கிப் போடுவோம்ல, அதேதான்."

நான் குனிந்து அட்டையைப் படித்தேன். நோய் தீர வேண்டிக் கோயிலில் வைத்தவை என்றுதான் போட்டிருந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலான பொருளை எழுத்துத் துணையில்லாமல் நீ படித்துவிட்டாய். வாட்ச்மேனைக் கூப்பிட்டு அவருக்கும் விளக்கினாய். "எங்க ஊர்ல இப்பவும் உண்டு பாய்" என்று நீ சொன்னபோது, அந்த மண் கையைச் செய்தவன் உன் சித்தப்பா மகன் என்பதுபோல் இருந்தது.

பிறகு திரும்பினாய். உன் இடது பக்கம் இடுப்பு உயரத்தில் இன்னொரு பெட்டி இருந்தது. நேராகப் போய் இடித்தாய். கண்ணாடி அதிர்ந்தது. வாட்ச்மேன் ஓடி வந்தார். உள்ளே நுழையும்போதும் இடது பக்கத்துக் கயிற்றுக் கம்பத்தில் இடித்துக்கொண்டாய். அப்போது நான் சிரித்திருந்தேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

நீ இடித்த பெட்டிக்குள் மண்ணால் செய்த இரண்டு கண்கள் மட்டும் இருந்தன. இமை, பாவை எல்லாம் திருத்தமாக. நீ அதையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"எடது கண்ணுல ஓரம் தெரிய மாட்டேங்குது பங்காளி" என்றாய். "ஒரு வருசமா."

"டாக்டர்ட்ட போனியா?"

"போனா லைசென்ஸ் போயிரும். மகனுக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்கு. யார்ட்டயும் சொல்லிராத."

நான் தலையாட்டினேன். அது என் தப்பு. அங்கேயே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பத்து நாள், தினமும் காலையில் வேனில் உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, உனக்குத் தெரியாமல் இடது பக்கம் வண்டி வருகிறதா என்று நான் பார்த்துக்கொண்டு வந்தேன். டாக்டரிடம் போகச் சொல்லி மூன்று முறை கேட்டேன். "அடுத்த வாரம்" என்றாய். பதினோராம் நாள் ஹைவேயில் இடது லேனுக்கு வண்டியை வளைத்தாய். அங்கே ஒரு பெரிய கார் வந்துகொண்டிருந்தது. நான் கத்தினேன். ஒரு முழம் இடைவெளியில் தப்பித்தோம். பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து என்ன என்று கேட்டார்கள். "அவன்தான் வேகமா வந்தான்" என்றாய். அவன் வேகமாக வரவில்லை. உனக்கும் தெரியும்.

அன்று மத்தியானமே சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயம். நீ கையைப் பிடித்துக் கெஞ்சினால் மனசு மாறிவிடுவேன் என்று பயம்.

மறுநாள் உன்னைக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வேன் சாவியை வாங்கிக்கொண்டு உன்னை ஸ்டோர் வேலையில் போட்டார்கள். சொன்னது யார் என்று நீ யாரையும் கேட்கவில்லை. ஆறு பேர் படுக்கும் ரூமில் உன் கட்டிலுக்கு மேல் கட்டில் என்னுடையது. இரண்டு மாதம் நீ என்னோடு பேசவில்லை. சமையல் முறை எனக்கு வரும் நாளில் வெளியே போய் சாப்பிட்டாய். கான்ட்ராக்ட் முடிந்ததும் கம்பெனி உன்னை ஊருக்கு அனுப்பியது. ஏர்போர்ட்டுக்கு வருகிறேன் என்றேன். "மாஃபி முஷ்கில், ஒண்ணும் பிரச்சினை இல்ல, நானே போய்க்குவேன்" என்றாய், யாரோ ஒரு அரபியிடம் சொல்வதுபோல.

கண்ணில் பிரஷர் என்று டாக்டர் சொன்னதும், வலது கண்ணிலும் அது ஆரம்பித்திருந்ததும், சொட்டு மருந்து விட்டால் அந்தக் கண்ணாவது தப்பும் என்பதும் எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

ஒன்றரை வருடம் கழித்து நீயே போன் செய்தாய். மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது, ஊரில் மளிகைக் கடை போட்டிருக்கிறேன், மருந்தை ஒருநாளும் விடுவதில்லை என்று வரிசையாகச் சொன்னாய்.

"நீ செஞ்சது சரிதான் பங்காளி" என்றாய். "ஆனா எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

அடுத்து, துபாயில் மழை உண்டா என்று கேட்டாய். மறுபடியும் பழையபடி பேச ஆரம்பித்தோம். உன் மகன் கல்யாணத்துக்கு நான் வந்தபோது வலது கண்ணால் என்னைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துக் கையாட்டினாய்.

போன வருடம் மாரடைப்பில் நீ போன செய்தி வந்தபோது லீவு கிடைக்கவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் உன் வீட்டுக்குப் போக முடிந்தது. உன் மனைவி காபி கொடுத்துவிட்டு, "கடைசி நாள் வரைக்கும் அவரே பேப்பர் படிச்சாரு அண்ணே" என்றார்.

இப்போது நான் போர்மேன். என் கீழே ஒன்பது பேர். போன மாதம் அவர்களில் ஒருவர், என் வயதுக்காரர், மொட்டை மாடியில் வேலை செய்யும்போது தலை சுற்றிச் சுவரைப் பிடித்தார். முதல் முறை இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆபீஸுக்குச் சொல்லப் போனை எடுத்தேன், பிறகு பைக்குள் வைத்துவிட்டேன். நிழலில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

"நாளைக்குக் காலையில நான் ஆபீஸ்ல சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொன்னா நல்லது. வேணும்னா கூட வர்றேன்."

அவர் கெஞ்சினார். என் கையைப் பிடித்தார். நான் பயந்தது எல்லாம் நடந்தது. கையை விடுவித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன், மனசு மாறவில்லை. மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். வழி முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. நான் அவர் பக்கத்திலேயே நடந்தேன்.