செக்குக்காரன் மட்டை

மழை பிடித்ததும் டென்னிஸ் மட்டை நரம்பிலிருந்து ஆட்டுக்குடல் வாடை கிளம்புகிறது. நீங்க இருந்தா துடைத்துத் துணி சுற்றி வைப்பீங்க. நான் அதை அடுப்புக்கு மேலே கட்டி, நெத்திலி காய வைத்திருக்கிறேன். கோவிச்சுக்காதீங்க. உலகத்தையே ஜெயித்தவன் மட்டைக்கு அந்த மரியாதை போதும்.

அவன் ரங்கூனில் கப்பல் இறங்கிய அன்றைக்கு, துரைமார் கிளப்பிலிருந்து க்யிம்யிண்டைங் பேட்டையில் இருந்த நம் வீட்டுக்கு ஓடி வந்தீங்க. "ஏ புள்ள, செக்கு நாட்டுக்காரன் வந்திருக்கான்! டென்னிஸ்ல அவனை ஜெயிக்க ஆளே இல்ல."

"செக்காட்டுறவனுக்குப் பந்து எதுக்கு? நல்லெண்ணெய் கொண்டாந்தானா?" என்றேன். சிரித்துச் சிரித்து உங்களுக்குப் புரையேறிப் போச்சு. அன்றிலிருந்து நம் வீட்டில் அவன் செக்குக்காரன்தான்.

கூலிக்கு ஆடுகிறவன் என்று பெரிய போட்டிகளில் அவனைச் சேர்க்க மாட்டார்களாம். "அவனும் என்னை மாதிரி மார்க்கர்தான் புள்ள" என்று என்ன பெருமை உங்களுக்கு! மார்க்கராம். துரைமாரை ஆடப் பழக்கலாம், முன்வாசலில் கால் வைக்கக் கூடாது. அவனுக்கு நாற்காலி போட்டார்கள். நீங்க பல்லைக் காட்டிக்கொண்டு நின்றீங்க.

துரைமார் ஒவ்வொருத்தராய்த் தோற்று மூச்சு வாங்கின பிறகு உங்களைக் கூப்பிட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். வெறுங்காலோடு ஆடி அவனிடம் ஒரு செட் பிடுங்கினீங்க. ஒரு துரையும் கை தட்டவில்லை. செக்குக்காரன் தன் மட்டையை உங்களிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினான்.

போன மழையில் நனைந்து நனைந்து கோர்ட்டைச் சீர் பண்ணி, அந்தக் காய்ச்சலிலேயே போய்ட்டீங்க. கிளப்பிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது பட்லர் அண்ணனை அனுப்புகிறார்கள்.

"தங்கச்சி, சாம்பியன் மட்டையைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கணுமாம். துரை கேக்குறாரு."

"அவனை ஒரு செட் ஜெயிச்சவர் பேரையும் எழுதுவாங்களா அண்ணே?"

"மார்க்கர் பேரை எதுக்கம்மா எழுதப் போறாங்க?"

உள்ளே போனேன். உங்க பழைய மட்டையை எடுத்து வந்து கொடுத்தேன். ஒரு துரை உடைத்து வீசினதை நீங்க ஒட்டி நரம்பு கட்டினீங்களே, அதேதான்.

நேற்று பட்லர் அண்ணன் வந்து சொன்னார். முன்கூடத்தில் மாட்டிவிட்டார்களாம். துரைமார் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று பார்க்கிறார்களாம். "பிடியைப் பார்த்தாலே சாம்பியன் கை தெரியுது" என்றாராம் ஒரு துரை. ஆட்டம் தெரிந்தவர்களாம் இவர்கள்!

அந்தப் பிடியில் சுற்றியிருப்பது என் சிவப்புச் சேலைக் கிழிசல். வேர்வைக்கு வழுக்குது என்றீங்க, நான்தான் கிழித்துச் சுற்றினேன்.

மிச்சச் சேலையை இனி நான் கட்டக் கூடாதாம். மடித்துத் தலைக்கு வைத்துத்தான் படுக்கிறேன்.