நாற்காலி வைத்தியரின் புது முகவரி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. எழுத்து ஒன்று மேலே ஏறியும் ஒன்று பள்ளத்தில் விழுந்தும் கிடக்கும், பொறுத்துக்கொள். மரத்தில் நேர்கோடு போடும் கை தாளில் கோணல் போடுகிறது. மாலை வகுப்பில் சேர்ந்த இந்த ஏழு மாதத்தில் இதுதான் என் முதல் முழுக் கடிதம். இங்கு நான் சுகம், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீ அங்கே குளிர்தேசத்தில் இருந்தபடியே என் கடைக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்த நாளிலிருந்து, சரிசெய்த நாற்காலிகளைப் படம் எடுத்து அதில் போடுகிறேன். வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை பார்த்துவிடுவேன் என்றாய். யாராவது பார்த்தால் ஓரத்தில் ஓர் எண் கூடுகிறது. உன் அம்மா போன பிறகு, அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் கடையை அடைக்கிறேன். அதனால், இலவச முகவரி வெள்ளியோடு நின்றுவிடும், அதற்குள் புதுப் பெயரை இணைக்க வேண்டும் என்று நீ சொன்னதும், உடனே வழியைச் சொல் என்றேன்.

புதுப் பெயரை நம் பக்கத்தோடு இணைக்க நீ அனுப்பிய எண்களைப் புதன் காலையில், பெயர் வாங்கிய நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போனில் நானே பார்த்துப் பார்த்து அடித்தேன். பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரம்மா சரிபார்த்து, எல்லா ஊருக்கும் தகவல் போய்ச்சேர ஒன்றிரண்டு நாள் ஆகும் என்றாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கம் வரவில்லையே என்று அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். இப்படி வியாழன் மதியம்வரை ஒன்பது தடவை. அவள் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "நீங்க ஒட்டிக் கயிறு கட்டித் தந்த என் நாற்காலில சொன்ன நாளுக்கு முன்னாடியே உக்காந்ததுக்கு, பசை காயல, கட்ட ஏன் அவுத்தேன்னு என்ன பேச்சு பேசினீங்க பெரியவரே, இப்ப நீங்களே அவுத்து அவுத்துக் கட்டுறீங்க" என்றாள். கடைசியாக ஒரு தடவை அடித்துவிட்டு, போனை அவளிடமே கொடுத்து, கேட்டாலும் தராதே என்று சொல்லிவிட்டேன். கேட்டேன். தரவில்லை.

வெள்ளி மாலை கூப்பிட்டாள். "நாற்காலி வைத்தியர்" என்று ஊரார் என்னைக் கேலி செய்யும் பெயர், நம் எழுத்திலேயே மேலே நின்றது. நானே வாசித்தேன் மகளே, ஒரு எழுத்துக்கூட யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் பாதுகாப்பில்லை என்று ஓர் எச்சரிக்கையும் நின்றது. பெயர் வந்து சேர்ந்த பிறகுதான் பூட்டு தருவார்களாம், அவள் ஏதோ அழுத்த, சிறிது நேரத்தில் முகவரி ஓரத்தில் குட்டிப் பூட்டுப் படமும் வந்தது. யாரையும் வெளியே நிறுத்த அல்ல, வருகிறவர்கள் எழுதுவதை நடுவில் எவரும் படித்துவிடாமல் இருக்கத்தான் அது என்றாள். நம் வீட்டுப் பூட்டை நினைத்துக்கொண்டேன். நான் மட்டுமே திறக்கிறேன், நான் மட்டுமே பூட்டுகிறேன்.

சனி மாலை போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன், புது முகவரியில் முதலிலிருந்து தொடங்கிய எண் ஒன்று என்றிருந்தது. சந்தோஷப்பட்டேன். "அது நீங்களே பாத்ததா இருக்கும்" என்றாள் பாவி. அதனால் இன்று முழுதும் போனைத் தொடவில்லை. உன் பழைய படிப்பு நாற்காலிக்குக் கால் மாற்றி, அவளையே படம் போடச் சொல்லியிருந்தேன். விற்பனைக்கு அல்ல என்று எழுதவும் சொன்னேன். சற்றுமுன் வந்து, எண் இரண்டு, கூடியது தன்னால் இல்லை என்றாள்.

அது நான் இல்லை.

இருவரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். குளிரில் காதை மூடிக்கொள். போன் பேச நேரமில்லை என்றால் பரவாயில்லை, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ. ஒரு தாளுக்கு எனக்கு ஒரு வாரம் பிடிக்கிறது, நாளைக்கே அடுத்த தாளை எடுத்துவிடுவேன்.

உன் அப்பா,
நாற்காலி வைத்தியர்