மார்கழிக் காற்றும் மச்சானின் கிராங்கும்

அன்பு மச்சானுக்கு,

போன இடத்திலாவது சும்மா இருக்கிறீர்களா, இல்லை அங்கேயும் யாருடைய இன்ஜினையாவது பிரித்துப் போட்டுவிட்டீர்களா?

நீங்கள் காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே பாதியில் விட்டுப்போன பந்தய மோட்டார் சைக்கிளை முடித்துவிட்டேன். "அப்பா கட்டுன வண்டியிலதானுங்க மாமா ஓட்டுவேன், இல்லீன்னா பந்தயமே வேண்டாமுங்க" என்று உங்கள் மகன் பழனிச்சாமி ஒற்றைக் காலில் நின்றான். கோயமுத்தூர்ப் பந்தயமோ தை பிறந்ததும். நம் பெருமாட்டி ஊரில் மலைக் கணவாய் வழியாக மார்கழிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

இன்ஜினுக்குள் சுழலும் கிராங்கை லேத்தில் கடைந்ததில் குறையில்லை. அதில் குறை சொல்ல நீங்களே வாய் திறக்க மாட்டீர்கள். பேலன்ஸ் பார்ப்பதுதான் உங்கள் வேலையாக இருந்தது. நீங்கள் செய்வதுபோலவே இரண்டு இரும்பு விளிம்புகளின்மேல் அதைக் கிடத்தினேன். கனமான பக்கம் கீழே உருண்டு நிற்குமே, கனம் குறைய அங்கே துளை போட்டேன். மறுபடி வைத்தால் மறுபடியும் அதே பக்கம். திரும்பவும் துளை. எல்லாம் பூட்டி ஓட்டிப் பார்த்தால், வண்டி ஆடிய ஆட்டத்தில் பழனிச்சாமிக்குப் பல் தந்தியடித்தது. பையன் அழாத குறை.

உங்கள் தங்கச்சிதான் வந்து பார்த்தாள். "ஏனுங்க, கதவ இப்படித் தொறந்து போட்டா காத்துதானுங்க அத உருட்டும்? எங்கண்ணன் மார்கழில இந்த வேலையத் தொடவே மாட்டாரே" என்றாள். மார்கழி முழுக்க நீங்கள் கோயில் கோயிலாகப் போனது பக்தி என்றல்லவா நான் நினைத்திருந்தேன்?

கதவைச் சாத்தி, காற்றில் பறக்காமலிருக்க உங்கள் கல்யாணத்து ஜமக்காளத்தை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டாள். போட்ட துளைகளை இரும்பு வைத்து அடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூச்சு விடவும் அவளிடம் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. கடைசியில், எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் கிராங்க் அப்படியே நின்றது.

பிறகு உங்கள் சோதனை. ஓடுகிற இன்ஜின், பெட்ரோல் டாங்க்மேல் நிறைந்த டீ டம்ளர். நடுங்கியது, தளும்பவில்லை. பழனிச்சாமி அந்த டீயைக் குடிக்காமல் உங்கள் ஸ்டூலில் கொண்டுபோய் வைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான்.

பந்தயத்தில் இரண்டாவதாக வந்தான். முதலில் வந்தவர் இறங்கி வந்து, "இதுக்கு பேலன்ஸ் பாத்தது யாருங்க?" என்று கேட்டார்.

"எங்கப்பாதானுங்க" என்றான் உங்கள் மகன். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நானும் ஆமாமுங்க என்றேன்.

அடுத்த மார்கழியில் கிராங்கைத் தொடமாட்டேன், இது சத்தியம். கதவைப் பூட்டிவிட்டு உங்களைப் போலவே கோயிலுக்குக் கிளம்பிவிடுவேன். பக்தி என்றே ஊர் நினைக்கட்டும்.

உங்கள் தங்கச்சியைக் கட்டிய மாப்பிள்ளை,
சின்னச்சாமி