கார்வி பையிலிருந்து எடுத்தது

ஜனவரி 12, ஞாயிறு

மூழ்கிய நாட்டின் எல்லைக்கு வந்துவிட்டோம். இறங்கும் வழி முழுக்க மூடுபனி. முன்னால் நடப்பவரின் முதுகு மட்டும் தெரிகிறது, சில நேரம் அதுவும் இல்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து மணியோசை கேட்கிறது. உள்ளே ஒரு ஊர் இன்னும் விழித்து, உண்டு, உறங்கிக்கொண்டிருப்பது போல.

வெர்னன் இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பக்கத்தில் அவருடைய சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அது அலைச்சத்தமாகவே கேட்டது. அவர் வீட்டு நிலவறையிலிருந்து மேலேறி வெளியே வந்தபோது நிஜமாகவே இருட்டிவிட்டிருந்தது, பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் காரை எங்கே நிறுத்தினேன் என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. எந்த நாட்டில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை.

ஜனவரி 14

மூக்குக்கண்ணாடிக் கடையில் என்னோடு வேலை பார்க்கும் ஜூடித் கேட்டாள், ஞாயிற்றுக்கிழமை எங்கே போய் மறைகிறாய் என்று. சொல்லிப் பார்த்தேன். வெர்னன் என்று ஒருவர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு நிலவறையில் மேசையைச் சுற்றி உட்காருவோம். அவர் ஓர் உலகத்தைச் சொல்வார். அதில் நாங்கள் ஆளுக்கொரு வேடம். நான் மாலின், கேடயக்காரி. என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்வோம், நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

"யாரு ஜெயிப்பாங்க?"

யாரும் ஜெயிப்பதில்லை என்றேன்.

"அப்புறம் எதுக்கு?"

ஒரு வில்லையை இயந்திரத்தில் வைத்து விளிம்பைத் தேய்த்தேன். தேய்த்து முடிக்கும்வரை அதன் வழியாகக் கடையே கலங்கித் தெரிந்தது, ஜூடித்தும்.

அந்த மேசையில் என் அக்காவும் உட்காருகிறாள் என்று சொல்லவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

அக்கா இர்மாவின் பூட்ஸ் வெர்னன் வீட்டு வாசலின் இடது மூலையில். என்னுடையது வலது மூலையில். இதுவரை மாறியதில்லை.

இன்று அவள் கார் நகர முடியாமல் என் கார் மறித்து நின்றது. நான் மூன்றடி தள்ளி நிற்கிறேன். "டெஸ்மண்ட், அவளோட வண்டியக் கொஞ்சம் எடுக்கச் சொல்லு" என்கிறாள். டெஸ்மண்டும் எங்களோடு ஆடுபவன், ஆஸ்பத்திரியில் தாதி, முப்பது வயதுகூட ஆகவில்லை. எல்லாவிதமான குடும்பங்களையும் பார்த்தவன். என் பக்கம் திரும்பி, "வண்டிய எடுக்கணுமாம்" என்றான். எடுத்தேன்.

ஆனால் மேசையில்? அங்கே அவள் கார்வி என்னும் திருடி. இன்று சதுப்பில் என் கால் புதைந்தபோது, "மாலின், கைய விட்றாத, என்னையே பாரு" என்று சொல்லி முழங்காலில் தவழ்ந்து வந்தாள். பகடையில் பதினெட்டு. என்னை வெளியே இழுத்துவிட்டாள். அந்தக் குரல் எங்கள் சிறுவயதுக் குரல். கண் எரிந்தது. நிலவறையின் சோப்பு வாடையாக இருக்கும்.

அம்மா சாவதற்கு முன்பே நாங்கள் இருவரும் இந்தக் குழுவில் சேர்ந்துவிட்டோம். பேச்சு நின்ற பிறகு, அவளாக விலகட்டும் என்று நான். நானாக விலகட்டும் என்று அவள். இப்படியே மூன்று வருடம்.

ஜனவரி 21

ஏரி புகைகிறது. குளிர் அவ்வளவு. கரையில் நின்றவர்கள் அந்த நீராவியில் இடுப்புக்குக் கீழே இல்லாமல் மிதந்தார்கள்.

ஜனவரி 30

எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன்.

அம்மாவின் சாம்பலை இருவரும் சேர்ந்துதான் ஏரியில் கரைப்பதாக இருந்தோம். பனி உருகட்டும், ஒரு நல்ல நாளாகப் பார்த்து, அவளுக்குப் பிடித்த பாறைகளிடம் போகலாம் என்று பேசிவைத்திருந்தோம். அந்த வருடம் மே மாதத்தில் ஒரு நாள் இர்மா போன் செய்தாள். "முடிச்சிட்டேன்" என்றாள்.

எதை என்று கேட்டேன்.

"அம்மாவ. ஏரியில விட்டுட்டேன்."

காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஏரியைப் பார்க்கும்போதும், எந்த இடத்தில், எந்த இடத்தில் என்றுதான் தேடுவேன். இவ்வளவு பெரிய தண்ணீர்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நடந்தது நடந்தபடி.

படகுத்துறைக்கு வந்து சேர்ந்தோம். எதிரே, மூடுபனிக்கு அப்பால் ஒரு தீவு. படகுக்காரனுக்கு முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் நீரில் விழுந்த விளக்கொளி போல ஏதோ அலைந்தது. அவன் கூலி கேட்கவில்லை. வெர்னன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "உங்ககிட்ட இருக்கிறதுலயே கனமானது எதுவோ, அதத் தண்ணியில போட்டுட்டு ஏறுங்க. என் படகு அதத் தாங்காது."

டெஸ்மண்டின் மந்திரவாதி ஆஸ்வால்ட் வழக்கம்போல உணவு மூட்டையை இறுகக் கட்டிக்கொண்டான். கடைசியில் ஒரு பன்றித்தொடையை முத்தமிட்டுத் தண்ணீரில் விட்டான். சிரித்தோம். அது அப்படியே மிதந்தது. கனமானது அதுவல்ல என்றார் வெர்னன். அப்புறம் அவன், தான் கொன்ற முதல் மனிதனின் பெயரைச் சொன்னான். அது மூழ்கியது. நான் மாலினின் கேடயத்தைப் போட்டேன். அது வேறொருத்தியுடையது, போர்க்களத்தில் எடுத்தது என்று அப்போதுதான் எனக்கே தோன்றியது. அதுவும் மூழ்கியது.

கார்வியின் முறை.

இர்மா பகடையை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு கைகளையும் மேசைக்கு மேல் ஏந்தினாள். காலி உள்ளங்கைகள்தான். ஆனால் ஏதோ கனம் இருப்பதுபோல மணிக்கட்டு தாழ்ந்திருந்தது.

"கார்வி பையிலேருந்து ஒரு பெட்டிய எடுக்கிறா" என்றாள். "சின்னது. ஒரு முழு பிரெட் அளவு. இத எப்பவோ தண்ணியில விட்டாச்சுன்னு மாலின்கிட்ட சொல்லியிருந்தா."

வெர்னன் இதை எதிர்பார்க்கவில்லை. நல்ல திருப்பம் என்று நினைத்துத் தலையாட்டினார். "பெட்டியில என்ன?"

"விடல" என்றாள் இர்மா. அவரைப் பார்த்து அல்ல. "அவ விடவே இல்ல. இத்தன நாளும் அவகிட்டதான் இருக்கு."

சலவை இயந்திரம் நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது?

மாலின் பேச வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கைகளை நீட்டினேன், அவள் கைகளுக்குக் கீழே, தொடாமல். விழுந்தால் பிடிப்பதற்குப்போல. அவ்வளவுதான் வந்தது.

"கார்வி அதத் தண்ணியில போட்றாளா?" என்று வெர்னன் மெதுவாகக் கேட்டார்.

"இல்ல. இன்னிக்கு இல்ல."

அப்படியானால் படகு போய்விடும் என்றார். போகட்டும் என்றேன் நான். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. படகுக்காரன் துடுப்பை அழுத்தினான். அவனுடைய விளக்கொளி முகம் மூடுபனிக்குள் சிறுத்துச் சிறுத்துக் காணாமல் போயிற்று. நாங்கள் மூவரும் கரையில் நின்றோம்.

வெர்னன் தன் காகிதக் கட்டைப் பார்த்தார். "மூணு வாரமா அந்தத் தீவ எழுதினேன்" என்றார். "அதுல ஒரு எரிமல வேற இருக்கு."

இர்மா முதலில் வெளியேறினாள். பூட்ஸின் கயிற்றைக்கூடக் கட்டவில்லை.

பிப்ரவரி 10

என்ன மாதிரி ஆளு இவ? மூணு வருஷம்! மூணு வருஷமா நான் அந்த ஏரியப் பாத்துப் பாத்து— கரையோரமா நடக்கும்போது மெதுவா நடப்பேன், மிதிச்சிடக் கூடாதுன்னு. பைத்தியம் மாதிரி. அம்மா எங்கயோ ஒரு அலமாரியில இருந்திருக்கா.

கோபமா? ஆமாம், கோபம்தான். அப்புறம் ஏன் காலையிலேருந்து மனசு இப்படி லேசா இருக்கு?

பிப்ரவரி 11

அம்மா இன்னும் போகவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். எனக்கு முன்பே வந்திருந்தாள்.

கரையில் இரவு. ஈரச் சுள்ளிகளை ஆஸ்வால்ட் மந்திரத்தில் பற்றவைத்தான். பச்சைத் தீ. எதிரெதிரே கார்வியும் மாலினும். வெர்னன் இன்று எதையும் நடத்தவில்லை. அலை அடிக்கிறது, மணி ஒலிக்கிறது என்று அவ்வப்போது சொன்னதோடு சரி.

அந்தப் பெட்டியை ஏன் விடவில்லை என்று மாலின் கேட்டாள். கேட்டபோது மாலினாகத்தான் கேட்டேன்.

கார்வி சொன்னாள், தனியாகத்தான் தண்ணீர்வரை போனேன், மூடியைத் திறக்க முடியவில்லை என்று. "ஒங்கிட்ட சொன்னா, வா ரெண்டு பேரும் செய்வோம்னுவ. நீ பக்கத்துல நின்னா என்னால முடிஞ்சிரும். செஞ்சிருவோம். அதுக்கப்புறம் அவ எங்கயும் இருக்க மாட்டா. அதான் முடிச்சிட்டேன்னு சொன்னேன். அப்படிச் சொல்லிட்டா யாரும் என்னக் கேக்க மாட்டாங்கல்ல."

"எனக்கும் அவ அம்மாதானே, இர்மா."

சொல்லிவிட்டேன். மேசையில் அந்தப் பெயரை நான் சொன்னது மூன்று வருடத்தில் முதல்முறை.

டெஸ்மண்ட் எழுந்தான். காட்டரிசி சூப் அடிபிடிக்கிற வாசனை வருகிறது, போய்ப் பார்க்கிறேன் என்று மேலே சமையலறைக்குப் போனான். வாசனை எதுவும் வரவில்லை. வெர்னனும், கரண்டி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனார்.

இர்மா பச்சைத் தீ இருந்த இடத்தையே பார்த்தாள். மேசைவிரிப்பின் நடுவில், பகடைகளுக்கு இடையில். அங்கே அது இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. சத்தியமாக எனக்குத் தெரிந்தது.

"தெரியும்" என்றாள். "அதனாலதான் ஒனக்குப் போன் பண்ணவே பயந்தேன். நீ திட்டிருந்தாலாவது கொண்டுவந்து குடுத்திருப்பேன். நீ போன வச்சிட்டே."

நான் வைத்துவிட்டேன். ஆமாம்.

சூப் நன்றாக இருந்தது.

மார்ச் 2

இர்மாவின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து வழிவிட்டாள். கூடத்து அலமாரியில், குளிர்த் தொப்பிகளுக்கும் கையுறைகளுக்கும் நடுவே, அம்மாவின் நீலச் சால்வையில் சுற்றி வைத்திருக்கிறாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனம். சால்வையில் அவள் வாசனை போய்விட்டது. இர்மாவின் வீட்டு வாசனைதான் வருகிறது.

"தொப்பி எடுக்கும்போதெல்லாம் காலை வணக்கம் சொல்லுவேன்" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆட்டத்துக்கு விடுப்பு கேட்டிருந்தோம். இருவரும் ஒரே காரில். பின்னிருக்கையில் பெட்டி, அதற்கு இருக்கை வார் மாட்டினாள் இர்மா.

கரையோரப் பனிக்கட்டி உடைந்து விலகிவிட்டது. துண்டுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், கண்ணாடிப் பாத்திரங்களை எங்கோ தொலைவில் அடுக்குவதுபோல. காற்றே இல்லை. பாறையில் மண்டியிட்டோம். மூடியை அவளால் திறக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன், அவள் திருகினாள்.

சாம்பல் உடனே மறையவில்லை. தண்ணீருக்குக் கீழே ஒரு சிறு மேகமாக விரிந்து, கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு பச்சையும் நீலமுமான ஆழத்துக்குள் மெல்ல நகர்ந்தது. எவ்வளவு நேரம் பார்த்தோம்? முழங்கால் மரத்துப்போனது. எழ முடியாமல் இர்மா என் தோளைப் பிடித்தாள், எழுந்த பிறகும் விடவில்லை.

"எடம் ஞாபகம் வச்சுக்க" என்றாள்.

வைத்துக்கொண்டேன். இரட்டைப் பாறை, வளைந்து நிற்கும் வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரம்.

வழியில் ஒரு கடையில் பழம் வைத்துச் சுட்ட பை சாப்பிட்டோம். அவளுக்குப் பல்வலி என்றாள், அதைப் பற்றிப் பேசினோம்.

ஏப்ரல் 20

ஈஸ்டர். மழை.

ஏப்ரல் 27, ஞாயிறு

வெர்னனுக்குக் காய்ச்சல். இன்று ஆட்டம் இல்லை, தீவு எங்கும் ஓடிவிடாது என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பியிருந்தார்.

மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். இர்மா. குடையை மடக்கி உதறினாள்.

"சும்மாதான் வந்தேன்" என்றாள். "சாப்பிட என்ன இருக்கு?"

முட்டை இருந்தது. ஆளுக்கு இரண்டு வேகவைத்தேன்.